மிஸ் இல்லாத காலை

ஜூலை 11, வியாழன்

அன்புள்ள அண்ணிக்கு,

இன்று பள்ளி வராந்தாவில் நீங்கள், "ஏம்மா, என் வகுப்புல என்ன குறையக் கண்டுட்ட?" என்று கேட்டபோது, "அவளுக்கு உடம்பு சரியில்ல அண்ணி, கொஞ்ச நாள் வீட்லயே சொல்லித் தர்றேன்" என்றேன். அது பாதி உண்மை. சொல்லாமல் விட்ட பாதி இது: மூன்று வாரமாக சுண்டு காலையில் சீருடையைப் பார்த்ததும் வாந்தி எடுக்கிறாள். "மிஸ் வேணாம்" என்கிறாள். எவ்வளவு கேட்டாலும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அந்த மிஸ் நீங்கள்.

உங்கள் வகுப்பு வாசலிலேயே நின்றுகொண்டு இதை எப்படிச் சொல்வேன்? அவள் பிறந்ததும் முதலில் கையில் வாங்கியவர் நீங்கள். சுண்டு என்று கூப்பிட ஆரம்பித்ததும் நீங்கள்தான்.

சாயங்காலம் மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் தம்பி லிஃப்ட் ரிப்பேர் வேலைக்கு உங்கள் தெரு வழியாகத்தான் போகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

திங்கட்கிழமையிலிருந்து காலையில் நான் சொல்லித் தரப் போகிறேன். மதியம் நான் நூலகத்துக்கு வேலைக்குப் போனதும் உங்கள் தம்பி பார்த்துக்கொள்வார். காலையை எப்படித் தொடங்குவது என்று உங்களை விட்டால் யாரைக் கேட்பேன்? புத்தகங்கள் நிறையப் படித்துவிட்டேன். எல்லாப் புத்தகத்திலும் குழந்தை எழுந்ததும் சிரிக்கிறது.

கோபம் இருந்தாலும் பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
சுண்டுவின் அம்மா


ஜூலை 13, சனி

தம்பி வீட்டுக்கு,

கடிதம் கிடைத்தது. இருபத்திரண்டு வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். முதல் நாள் அழாத பிள்ளை கிடையாது. என்னை நினைத்து வாந்தி எடுத்த பிள்ளை உன் மகள் ஒருத்திதான். நான் அவளை அடித்ததில்லை. மற்றப் பிள்ளைகளைவிட ஒரு வார்த்தை அதிகமாகத் திட்டியதும் இல்லை.

கேட்டாய் என்பதற்காக எங்கள் கால அட்டவணையைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஒன்பதுக்கு மணி, வருகைப் பதிவு, பாட்டு, எழுத்து இருபது நிமிடம், கணக்கு இருபது நிமிடம். மணிக்கு ஒரு தட்டும் கரண்டியும் போதும். வீடுதானே என்று விடாதே. தலை பின்னி, ஷூ மாட்டி உட்கார வை. நீயும் ஒழுங்காக உடுத்திக்கொண்டு நில். இல்லாவிட்டால் பிடி நழுவிவிடும்.

அந்தப் பக்கம் இப்போதைக்கு வருவதாக இல்லை.

உன் நாத்தனார்


ஜூலை 16, செவ்வாய்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி என்னிடம், "ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு ரெண்டு பேருக்கும் லெட்டர் கேக்குதா? நான் என்ன தபால்காரனா? முதல்ல ஸ்டாம்ப ஒட்டுங்க" என்கிறார். முணுமுணுத்தாலும் பத்திரமாகத்தான் கொண்டுவருகிறார்.

நேற்று நீங்கள் எழுதியபடியே செய்தேன். தட்டில் மணி அடித்தேன். நூலகத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரே ஒரு பிள்ளை இருக்கிற வகுப்பில் வருகைப் பதிவு எடுத்த ஆள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு மெதுவாக, "நீயும் மிஸ்ஸாயிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்லடா, அம்மாதான்."

"அத்தையும் இப்படித்தான் போயிட்டாங்க."

"எங்கடா போனாங்க?"

"தெரியாது. மிஸ் வந்தாங்கல்ல, அப்பலேர்ந்து அத்தை வர்றதே இல்ல. மிஸ்ஸுக்கு அத்தை மூஞ்சிதான். ஆனா அவங்களுக்கு என்னத் தெரியாது."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். நான் புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பழைய நைட்டியோடு வந்து தரையில் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து என் வயிற்றில் தலையை வைத்துக்கொண்டாள். பாடம் அவ்வளவுதான்.

குற்றம் சொல்ல இதை எழுதவில்லை அண்ணி. ஒரே காலையில் நானும் அதையே செய்தேன். எனக்கு இப்போது எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது தெரியுமா? அவளுக்கு உங்களைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்றுதான் இத்தனை நாள் பயந்தேன். அவள் உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
சுண்டுவின் அம்மா


ஜூலை 18, வியாழன்

கண்ணு,

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் படித்தேன். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

முதல் நாள் அவள் "அத்தை"ன்னு கத்திக்கொண்டு ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற ஒரு பையனின் அம்மா, "சொந்தக்காரப் பிள்ளைன்னா மடியில வெச்சு சொல்லித் தருவாங்க போல" என்றாள். எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. சுண்டுவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, "இங்க நான் மிஸ்" என்றேன். அதோடு விட்டேனா? யாரும் வாய் திறக்கக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருவதையும் நிறுத்தினேன். அவள் கை தூக்கினால் கடைசியாகத்தான் கூப்பிடுவேன். ரொம்ப நியாயமாக நடந்துகொள்வதாக எனக்கு ஒரு நினைப்பு.

அந்த அட்டவணையைக் கிழித்துப் போடு. அது முப்பத்தைந்து பிள்ளைகளை ஒரே அறையில் சமாளிக்க நாங்கள் போட்டுக்கொண்டது. எழுந்ததும் அரை மணி நேரம் அவளிடம் எதுவும் கேட்காதே, நல்லாத் தூங்கினியா என்றுகூட. பிறகு கைக்கு ஒரு வேலை கொடு. விளையாட்டு வேலை வேண்டாம், உனக்கு நிஜமாகவே உதவுகிற வேலையாக இருக்கட்டும். சாப்பிட்டதும் ஒரு கதை. அதே கதையை மறுபடி கேட்டால் மறுபடி சொல். எழுத்து பத்து நிமிடம் போதும். இன்னும் வேணும் என்று அவள் சொல்லும்போதே நிறுத்திவிடு.

சனிக்கிழமை காலையில் வரட்டுமா? என்னைப் பார்த்து அவளுக்குக் குமட்டினால் அப்படியே திரும்பிவிடுகிறேன். அதைத் தாங்குவேனா தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

அண்ணி


ஜூலை 21, ஞாயிறு, காலை

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று ஈரத்தலையைத் துண்டில் முடிந்துகொண்டு வந்தீர்கள். அவளைக் கூப்பிடவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்தீர்கள். அவள் மேசைக்கு அடியில் போய்விட்டாள். அரை மணி நேரம் வரவே இல்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று பாதியில் எழுந்து போனீர்கள். சனிக்கிழமை பள்ளி இல்லை, உங்களுக்குப் பிடிக்க எந்த பஸ்ஸும் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். கதவு சாத்தியதும் அவள் வெளியே வந்து, நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். ஐந்தாறு காய்களை மட்டும் தனியே ஒதுக்கி வைத்தாள். எதற்கு என்றேன்.

"இது அத்தையோடது. அவங்க முடிக்கல."

"உங்க அத்தை பட்டாணிக்குப் பயந்து ஓடிட்டா" என்றார் உங்கள் தம்பி. சுண்டு சிரித்தாள், அண்ணி. காலையில் அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

இன்று ஏழு மணிக்கு எழுந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. பாலை முழுவதும் குடித்தாள். வயிற்றில் தங்கியது. உங்களைக் கூட்டிவர உங்கள் தம்பி கிளம்புகிறார். அவளும் கூட வருகிறாள். இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்தது அவள்தான்.

அன்புடன்,
சுண்டுவின் அம்மா