நசிந்த பெட்டிகள்

மார்ச் 9, ஞாயிறு

சேர்ச் பூசைக்குப் போகவில்லை. தலையிடி என்று சொன்னேன். தலையிடி இல்லை. ஒன்றுமே இல்லை, அதுதான் வியாதி.

பத்து மணிக்கு யூஜினா மச்சாள் வந்தார். அவருடைய தம்பி, என் கணவர் டெரிக், செத்து மூன்று கிழமைகூட ஆகவில்லை, அவர் அழுது முடித்து வேலை பார்க்கத் தொடங்கிவிட்டார். முன்னறையை ஏப்ரலில் இருந்து வாடகைக்கு விடலாமாம். வங்கியில் வேலை செய்யும் ஒரு பிள்ளை இடம் தேடுகிறாளாம். அந்த அறையில்தான் டெரிக்கின் பொம்மைகள். ஜப்பானில் இருந்து வந்த ரோபோக்கள், வாள் பிடித்த பெண்கள், சிறகு முளைத்த என்னென்னவோ. சுவர் முழுக்கக் கண்ணாடி அலுமாரி.

"பிள்ளை இல்லாத வீட்டில இவ்வளவு பொம்மை. பாக்கிற ஆக்கள் என்ன நினைப்பினம்? வித்துப்போடு, லவினா."

டெரிக் இருக்கும்போது இதைச் சொல்லியிருந்தால் மச்சாளை வாசலோடு அனுப்பியிருப்பேன். இன்று "சரி" என்றேன். இந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் சரிதான். மீன்காரன் சொன்ன விலைக்கும் சரி என்றேன். அவனே பயந்து குறைத்துக் கொடுத்தான்.

மார்ச் 12

முப்பத்தோராம் நாள் பூசை அறிவித்தலை டெரிக்கின் போனில் இருந்தே அவருடைய குழுவுக்கு அனுப்பினேன். இப்படிப் பொம்மை சேர்க்கிறவர்கள் கொழும்பில் நூறு பேருக்கு மேல் வட்ஸ்அப்பில் கூடியிருக்கிறார்கள். படம் ஒன்று வேண்டுமே. டிசம்பரில் நத்தாருக்கு நான் எடுத்ததைப் போட்டேன், அலுமாரிக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

ஆழ்ந்த அனுதாபம், ஆழ்ந்த அனுதாபம் என்று வந்தது. பிறகு ஒருவன்: "குறை நினைக்காதீங்க, அண்ணன்ட தோளுக்குப் பின்னால நிக்கிறது அந்த நீல ரோபோவா?"

அவ்வளவுதான். வெள்ளவத்தைக் கடையில் நாற்பத்தெட்டாயிரம் என்றான் இன்னொருவன். ஜப்பான் விலை அதில் மூன்றில் ஒன்று, இது பகல் கொள்ளை என்றான் கொம்பனித்தெரு சஜீத். கப்பல் கூலி, வரி, டொலர். டெரிக்கின் முகத்துக்குக் கீழே இரவு வரைக்கும் சண்டை.

எனக்குக் கோபம் வர வேண்டும். தேடிப் பார்த்தேன், வரவில்லை. ஒரு வரி விடாமல் வாசித்தேன்.

மார்ச் 13

இன்னும் முடியவில்லை. இப்போது சுங்க வரியில் நிற்கிறார்கள்.

மார்ச் 16

இந்தச் சண்டை எனக்குப் புதிதில்லை. கல்யாணம் கட்டிய நாளில் இருந்து சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்கிறேன். டெரிக்குக்குத் துறைமுகத்தில் இறங்கும் சாமானை வரி கட்டி எடுத்துக் கொடுக்கும் வேலை. அதனால் எப்போதும் வெள்ளவத்தைக் கடைக்காரர் பக்கம்தான் நிற்பார். குழுவில் அவருக்கு "லோயர்" என்று பெயர். வாதம் தோற்கும்போது எடுத்துவிட ஒரு வசனம் வைத்திருந்தார்: "நசிஞ்ச பெட்டியை உங்கட மாமாவா வாங்குவார்?"

கப்பலில் வரும் பெட்டிகளில் சில மூலை நசுங்கி, நசிந்துதான் வரும். உள்ளே பொம்மை நன்றாக இருந்தாலும் இந்த ஆட்கள் தொடமாட்டார்கள். அந்த நட்டத்தையும் விலையில்தான் ஏற்ற வேண்டும் என்பது டெரிக்கின் கட்சி. நான் தக்காளி விலைக்குப் புறுபுறுத்தாலும் இதே கதைதான், "அழுகினதை உன்ட மாமாவா வாங்குவார்?" என்ட மாமாவை ஏன் இழுக்கிறீங்கள் என்று சண்டை பிடிப்பேன்.

இந்த முறை குழுவில் ஒருவரும் அந்த வசனத்தைச் சொல்லவில்லை.

மார்ச் 22, சனி

பூசை முடிந்தது. குழுவில் இருந்து ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். ஆக, அறிவித்தலையும் வாசித்திருக்கிறார்கள். கடைக்காரர் ஸஹாப்தீன் நானாவும் வந்தார். அவருக்கும் சஜீத்துக்கும் நோன்பு. வீட்டில் மற்றவர்கள் சாப்பிட, இவர்கள் இருவரும் முன்னறையில் போய் நின்றார்கள்.

எல்லாவற்றையும் விற்கப் போகிறேன் என்றேன். சஜீத்துக்குக் கண் விரிந்தது. பெட்டியோடு கொடுத்தால்தான் நல்ல விலையாம். கட்டிலுக்கு அடியில் இருந்த வெறும் பெட்டிகளை இழுத்தான். ஒன்றைப் பார்த்தான், இன்னொன்றைப் பார்த்தான். முகம் மாறியது.

"அக்கா, எல்லாம் நசிஞ்சீக்கே. பாதி விலயும் வராது. அண்ணன் எங்க வாங்கின இதெல்லாம்?"

ஸஹாப்தீன் நானா தரையைப் பார்த்தார்.

"ஏன்ட கடையிலதான். நசிஞ்சது வந்தா எனக்கு வைங்க எண்டு செல்லுவாரு. கொறச்சுத் தாரன் எண்டாலும் கேக்கிறல்ல, முழு வெலயும் வெச்சிட்டுத்தான் போவாரு. நீங்க நட்டப்பட்டுக் கடைய மூடினா நாங்க எங்க போற எண்டு கேப்பாரு."

சஜீத் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் திரும்பக் கட்டிலுக்கு அடியில் வைத்தான். பிறகு ஒருவரும் விலை கதைக்கவில்லை.

மார்ச் 23

முழு விலை! நசிஞ்சதுக்கு! நான் தக்காளியில இருபது ரூபாய் குறைக்கச் சந்தையில மல்லுக்கட்ட — விசரா டெரிக் உங்களுக்கு? ஒரு சொல், ஒரே ஒரு சொல் எனக்குச் சொல்லியிருக்கலாமே? நான் என்ன, தடுத்திருப்பனா?

தடுத்திருப்பேன்.

மார்ச் 29, சனி

நான் வேலை செய்யும் பார்மசியில் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன். பெருநாள் நெருங்குகிறது, கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. ஸஹாப்தீன் நானாவின் கடை ஒரு மாடியில், எங்கள் முன்னறை அளவுதான். பாதி விலைக்காவது எல்லாவற்றையும் அவரே எடுப்பாரா என்று கேட்கத்தான் போனேன்.

கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு பெட்டி இருந்தது. ஒரு மூலை உள்ளே போயிருந்தது. மேலே ஒட்டிய துண்டில் டெரிக் என்று எழுதியிருந்தது.

"பெப்ரவரியில வந்த. அவருக்கெண்டு எடுத்து வெச்ச. பொறகு விக்க மனசு வரல்ல. சும்மா கொண்டு போங்க தங்கச்சி."

"சும்மா வேண்டாம் நானா. விலையைச் சொல்லுங்கோ."

சொன்னார்.

"விலை கூட," என்றேன். "நசிஞ்சிருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு முறையாகப் பேரம் பேசத் தொடங்கினார். நானும் விடவில்லை. நாலாயிரம் குறைத்தேன்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்ததும், நாலாயிரம் குறைத்ததைப் போய் டெரிக்கிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் — பம்பலப்பிட்டியில் இருந்து கொட்டாஞ்சேனையில் இறங்கும் வரை அழுதேன். வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் இருந்த நோனா, ஒரு சிங்கள அம்மா, டிஷூ தந்து, பெட்டி நனைகிறது என்று கையால் காட்டினார்.

மார்ச் 30

மச்சாளுக்கு போன் எடுத்து அறை இல்லை என்றேன். "பொம்மைக்காகவா?" என்றார். "ஓம்" என்றேன். வைத்துவிட்டார்.

குழுவில் மறுபடியும் வெள்ளவத்தை விலை. பகல் கொள்ளை. டெரிக்கின் போனில் இருந்து எழுதினேன்: "நசிஞ்ச பெட்டியை உங்கட மாமாவா வாங்குவார்?"

பிறகு சஜீத்: "அதெல்லாம் வாங்கின எங்கட மாமா மௌத்தாப் போயிட்டாரே அக்கா."

"இனி நான் வாங்குவன்" என்று அனுப்பினேன். விலை பேசித்தான் வாங்குவேன் என்பதை எழுதவில்லை.