டேங்கில் டீசல் இருந்தது

அக்டோபர் 12, ஞாயிறு. காலை 6.40

நான்கு போல்ட், இரண்டு பட்டை, மூன்று குழாய், ஒரு வயர். அப்பாவின் பிக்கப்பிலிருந்து டீசல் டேங்கை இறக்க இவ்வளவையும் கழற்ற வேண்டும். மத்தியானத்துக்குள் முடியும்.

இரவு மழை. இப்போது விட்டிருக்கிறது. போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை.

வண்டி வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில். ஆடியில் அப்பா போன அன்று அண்ணன் கொண்டுவந்து நிறுத்தியது. அதன் பிறகு யாரும் சாவி போடவில்லை. டேங்கின் அடித் தையலில் கசிவு. துணி சோப்பைத் தேய்த்து அடைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்து டிரைவர்கள் எல்லோருக்கும் சோப்புதான் வெல்டிங். சோப்பு காய்ந்து விரிசல் விட்டு, தரையில் கருப்பு வட்டம். அடுப்படி வரை டீசல் வாடை.

அம்மா: "எடைக்குப் போட்டுருடா. அதப் பாத்துக்கிட்டு எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

அண்ணன் கொட்டகைப் பக்கமே வருவதில்லை. இப்போது தேவாரம் ஊரில் ஒருவருக்கு டிராக்டர் ஓட்டுகிறான். மலை ஏறுவதே இல்லை. பன்னிரண்டு வருஷம் ஏலக்காய் மூட்டை ஏற்றி இறக்கியவன்.

எனக்குப் பத்து நாள் லீவு. அதற்குள் ஓடுகிற வண்டியாக்கி நிறுத்த வேண்டும். நல்ல வண்டியை எடைக்குப் போடுவது மடத்தனம். ஓசூரில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்க டேங்க் மாட்டுகிறவன் நான். சொந்த வீட்டு டேங்க் ஒழுகுகிறது.

மதியம் 1 மணி.

செய்தது: பேட்டரி நெகட்டிவ் முதலில். நான்கு சக்கரத்துக்கும் கல். ஜாக்கை நம்பிக் கீழே படுக்கக் கூடாது. ஸ்டாண்டு இரண்டு, போடியில் வாடகைக்கு. தீப்பிடித்தால் கொட்ட ஒரு வாளி மணல். செல்போன் வீட்டுக்குள்.

டேங்க் மூடியைத் திறந்தால், அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் பை. மூன்று மடிப்பாகப் போர்த்தி, சணல் நூலால் இறுக்கிக் கட்டியிருக்கிறது. எவனோ அதிபுத்திசாலி. மூடியோடு தூக்கித் தட்டில் போட்டேன்.

டீசலைக் கைப்பம்பு வைத்து வடித்தேன். அண்ணன் என்றால் குழாயை வாயில் வைத்து உறிஞ்சியிருப்பான். இருபது லிட்டர் கேன் ஒன்று நிறைந்தது. இன்னொன்றில் பாதி. அடியில் துருவும் சேறும்.

குழாய்களுக்கு வெவ்வேறு நிற டேப் சுற்றினேன். முன் பட்டை வந்தது. பின் பட்டையில் ஒரு போல்ட் துரு பிடித்து வரவே இல்லை. உடைத்தேன். கை கிழிந்தது. ஜாக் மேல் பலகை வைத்து டேங்கை மெல்ல இறக்கினேன். மத்தியானத்துக்குள் என்றேன், முடித்தேன்.

சாயந்தரம். கரண்ட் போனது. அம்மா கையில் மண்ணெண்ணெய் விளக்கோடு கொட்டகைக்குள் வந்துவிட்டாள். டேங்க் வாய் திறந்து கிடக்கிறது.

"அங்கனயே நில்லு! உள்ள வராத!"

கத்திவிட்டேன். அம்மா அப்படியே நின்றாள். விளக்கை வெளியே கல் மேல் வைத்துவிட்டு வந்து டேங்கைப் பார்த்தாள்.

"இந்த வாடையிலதாண்டா அவரக் கொண்டாந்து எறக்குனாக."

பிறகு போய்விட்டாள். கத்தாமல் சொல்லியிருக்கலாம்.

ராத்திரிச் சாப்பாடு. அண்ணன் சுவரோரம், நான் நடுவில். அம்மா அண்ணனிடம் பேசி மூன்று மாதம் ஆகிறது. என்னைப் பார்த்து: "அவன்ட்டக் கேளு, ரசம் வேணுமான்னு." அண்ணன் ஒரு கை தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். "வேணாமாம்" என்று சொல்ல வேண்டியது என் வேலை.

அக்டோபர் 13, திங்கள். தூறல்.

டேங்கைச் சுடுதண்ணீரும் சோப்புத் தூளும் விட்டு இரண்டு முறை குலுக்கிக் கழுவி, போடியில் ரேடியேட்டர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பீடியோடு வந்தார். அணைக்கச் சொன்னேன்.

"டீசல்தானப்பா. பெட்ரோலா, வெடிக்க?"

"காலி டேங்குலதாண்ணே ஆவி நிக்கும். தண்ணிய ரொப்பிட்டு, தையல் மட்டும் மேல வர்ற மாதிரி வச்சுப் பத்த வைங்க."

"படிச்ச புள்ளைகளோட ஒரே ரோதன. சரி, ரொப்பு."

ரொப்பினேன். முதல் பற்றவைப்பு பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "தெரியலப்பா, சில தகரம் அப்பிடித்தான்" என்றார். தெரியலப்பா என்று சொல்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. காரணம் இல்லாமல் தகரமும் பிடிக்காமல் போகாது, வண்டியும் நிற்காது. பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. சுரண்டிக் கொடுத்தேன். பிடித்தது.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. ஒன்றரைக் கேன். முப்பது லிட்டர்.

இதை எழுதி வைக்க வேண்டும். ஆடியில் அன்று அப்பாவும் அண்ணனும் மேலே எஸ்டேட்டுக்கு மூட்டை ஏற்றப் போனார்கள். மத்தியானம் அப்பாவுக்கு நெஞ்சுவலி. அண்ணன் மூட்டைகளை அப்படியே விட்டு, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து இறங்கினான். போடிமெட்டுக்குக் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுவிட்டது. மேகம், மழை, சிக்னல் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஒரு எஸ்டேட் ஜீப் வந்தது. அந்த டிரைவர் தன் கேனிலிருந்து ஐந்து லிட்டர் ஊற்றினார். வண்டி கிளம்பியது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

டீசல் முள் வருஷக்கணக்காக வேலை செய்யவில்லை. ஊற்றியதும் வண்டி ஓடியது. அதனால் எல்லோரும் சொன்னது: டீசல் தீர்ந்துவிட்டது. அம்மா சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னால் கேட்டது: "ஒரு டீசலு பாத்துப் போடத் துப்பில்லயாடா ஒனக்கு?" அண்ணனும் அப்படித்தான் நம்புகிறான்.

ஐந்து லிட்டர் ஊற்றி, அதில் கீழே வரை ஓடி, மூன்று மாதம் ஒழுகி, முப்பது லிட்டர் எப்படி இருக்கும்?

டீசல் தீரவில்லை. வேறு என்னவோ.

தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய். மேலே வெயில், கீழே மழை.

தொழிலாளிகள் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிமெட்டுக்குப் போனேன். பதினாலு பேர் உள்ளே, நான் பின்னால் கம்பியில். ஒரு அக்கா: "எளந்தாரிக்கு எடமில்லயா? என் மடியில உக்காரு ராசா." ஜீப்பே சிரித்தது. நானும்.

அந்த வளைவு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது, எனக்கு மட்டும். ஒன்றுமில்லை அங்கே. தடுப்புச் சுவர், ஒரு குரங்கு, யாரோ குடித்துப் போட்ட டீ கப்.

டீசல் கொடுத்தவர் மலைக்கு அந்தப் பக்கம் பூப்பாறைக்காரர், மலையாளி. ஜோசேட்டன் என்கிறார்கள். டீக்கடையில் பிடித்தேன்.

"மோனே, நீ முருகேசனோட தம்பியல்லே? அதே மூஞ்சி. அண்ணன் இப்ப மேல வர்றதே இல்லியே."

அன்று என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"ஒங்கண்ணன் அப்பாவ மடியில சாய்ச்சு வச்சிருந்து. அவனால எறங்க முடியல. ஞான்தான் மூடி தெறந்தது. தெறந்தப்ப புஸ்ஸுன்னு ஒரு சத்தம். காத்து உள்ள இழுத்த மாதிரி. மூடிக்கு அடியில ஏதோ கவர் கட்டியிருந்துச்சு. ஊத்திட்டு அப்பிடியே திரும்ப வச்சேன். இன்ஜின் கைப்பம்ப பத்து தடவ அடிச்சோம். வண்டி எடுத்துருச்சு."

புஸ்.

அவ்வளவுதான். அந்தப் பழைய மாடலுக்கு மூடியில் மட்டும்தான் காற்றுத் துளை. அதைப் பை அடைத்திருக்கிறது, தையல் கசிவை அன்று சோப்பு. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்க் டீசலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இன்ஜின் உறிஞ்சி உறிஞ்சி ஓய்ந்து நின்றுவிடும். அண்ணன் அந்த மூடியை ஒரு தரம் திறந்து மூடியிருந்தால் போதும்.

அந்த ஐந்து லிட்டர் தேவையே இல்லை. திறந்ததுதான் மருந்து. அப்போது புகுந்த காற்றே கீழே வரை தாங்கியிருக்கிறது.

ஜோசேட்டன் டீக்குக் காசு கொடுக்க விடவில்லை. "எந்தா, வண்டிக்கு வேற கேடு உண்டாயிருந்தோ?" என்றார். இல்லை என்றேன்.

பையைக் கட்டினவனைப் பிடித்து நாலு அறை விட வேண்டும் என்று எண்ணிக்கொண்டே இறங்கினேன்.

அக்டோபர் 15, புதன். விடாமல் மழை.

மழையில் டிராக்டர் வேலை இல்லை. அண்ணன் வீட்டில். டேங்கைத் தூக்க ஒரு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டேன். கொட்டகை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.

டேங்க் உள்ளே காய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். காற்றடித்துக் கசிவு பார்த்தேன். இல்லை. ரப்பர் பட்டைகள் புதிது. ஜாக்கில் ஏற்றி, இவன் ஒரு பக்கம் பிடிக்க நான் போல்ட் போட்டேன். பழக்கம் விடவில்லை அவனுக்கு. நான் கேட்பதற்கு முன்பே ஸ்பானர் கையில் வருகிறது.

"வெரசா மாட்டுறா, கை நோகுது."

மூன்று நாளில் அவன் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம்.

நான் எப்போதும் போலப் போட்டு உடைத்தேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. "அண்ணே, அன்னைக்கி டீசல் தீரல. முப்பது லிட்டர் இருந்துச்சு. அந்தா கேனு."

கேனைப் பார்த்தான். எழுந்து போய் அசைத்துப் பார்த்தான். உட்கார்ந்தான்.

"முந்துன நாளு சாயந்தரம் அப்பாதான் வண்டிய போடிக்கு எடுத்துட்டுப் போனாரு. அவரு ரொப்பியிருப்பாரு. எங்கிட்டச் சொல்லல." பிறகு: "அப்ப என்னத்துக்குடா நின்னுச்சு?"

தட்டிலிருந்த மூடியை எடுத்துக் கொடுத்தேன். காற்றுத் துளையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவன் கேட்கவில்லை. சணல் முடிச்சைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"இது அப்பா முடிச்சு."

ஏலக்காய் மூட்டைக்குப் போடுகிற முடிச்சு. இரண்டு சுற்று, ஒரு திருகு, நுனியை உள்ளே செருகுவது. எனக்குத் தெரியவில்லை. நான் மூட்டை கட்டியதே இல்லை.

அண்ணன் சொன்னது: ஆடியில் அந்த வாரம் ஒரு வியாபாரி மூட்டையைப் பிரித்து மோந்து பார்த்துத் திருப்பி அனுப்பினாராம். டீசல் வாடை. ஏலக்காய் பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் வாடையை வாங்கிக்கொள்ளும். வளைவுகளில் டேங்க் மூடியிலிருந்து தெறித்து மூட்டை அடியில் பட்டிருக்கிறது. அப்பா ரெண்டு நாள் அதையே புலம்பினாராம்: "காய்க்கு வாடை வந்தா நம்ம பேருக்கு வந்த மாதிரிரா."

காய்க்கு வாடை வராமல் இருக்கக் கட்டியிருக்கிறார். நன்றாகத்தான் கட்டியிருக்கிறார். ஒரு பொட்டுக் காற்றும் போகவில்லை.

மழை தகரத்தில் விழுந்துகொண்டே இருந்தது. அண்ணன் அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை.

"அம்மாட்ட இதச் சொல்லாத."

"சொல்லாம? நீ ஆயுசுக்கும் ஏச்சு வாங்குவியா?"

"வாங்கிக்கிறேன். அவரே அவரக் கொன்னுக்கிட்டாருன்னு அம்மா நெனைக்கணுமா? எம்மேலயே இருக்கட்டும்டா. பழகிருச்சு."

"பழகிருச்சாம். லூசாண்ணே நீ?"

"நீ படிச்சவன். ஒனக்குக் காரணம் வேணும். அம்மாவுக்கு வைய ஒரு ஆளு வேணும். அவ்வளவுதான்."

அறைய வேண்டும் என்று நினைத்த கையால் முடிச்சைப் பிடித்துப் பார்த்தேன். இறுக்கம் இன்னும் போகவில்லை.

மாலை. அம்மா வாசலிலிருந்து: "டீ ஆறுதுன்னு அவன்ட்டச் சொல்லு." அண்ணன் அப்போது கொட்டகையில் ஸ்பானர்களைத் துடைத்து அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான். நான் போய்ச் சொன்னேன். வந்து குடித்தான். டம்ளரைக் கழுவி அம்மா கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தான். அம்மா எடுக்கவில்லை.

இந்த வருஷம் வீட்டில் தீபாவளி இல்லை. திங்கட்கிழமை நான் கிளம்பிவிடுவேன். இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பார்கள்.

நாளை:

1. பட்டை போல்ட் நான்கையும் மறுபடி இறுக்கிப் பார்க்க.
2. குழாய்கள், டேப் நிறம் பார்த்து. ஃபில்டர் புதிது. இன்ஜின் கைப்பம்பு அடித்துக் குழாயில் காற்று எடுக்க. பேட்டரி கடைசியில்.
3. போடியில் புது மூடி. துளையில் ஊதிப் பார்த்து வாங்க.
4. பழைய மூடியை முடிச்சு அவிழ்க்காமல் என் பெட்டிக்குள் வைக்க. அம்மா கண்ணில் படக் கூடாது.
5. அம்மாவைக் கொட்டகைக்குக் கூட்டிவந்து இரண்டு கேனையும் காட்ட. டேங்கில் டீசல் இருந்தது, அண்ணன் மேல் தப்பில்லை என்று சொல்ல. அண்ணன் தடுத்தாலும்.
6. அப்ப ஏன் நின்னுச்சு என்று கேட்பாள். தெரியலம்மா என்று சொல்ல.