ஐந்து பேருக்கு வைத்த சோறு

அக்கா,

இன்று பக்கத்து வீட்டு மூதாட்டிக்கு உதவ நகரசபைக் கவுன்சிலிலிருந்து வந்த பெண் சன்னலைத் திறந்துவைத்துச் சமைத்தாள். ப்ளீச் மணமும் வெங்காயம் வதங்கும் மணமும் சேர்ந்து வந்தன. லண்டனில் எங்கள் பழைய டூட்டிங் வீட்டில், நீங்கள் வந்துவிட்டதை அந்த மணம்தான் சொல்லும்.

என் கணவரின் தகப்பனுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு, எண்பதுகளின் கடைசியில், தினமும் காலை இரண்டு மணி நேரம் கவுன்சில்காரர்கள் உங்களை அனுப்பினார்கள். மாமாவின் உடுப்பைத் தோய்ப்பது, அறையைத் துடைப்பது, அவருக்கு மட்டும் ஒரு நேரச் சாப்பாடு. அவ்வளவுதான் உங்கள் வேலை. வந்தது வெள்ளைக்காரப் பெண்ணாக இருந்திருந்தால் அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வந்திராது. நீங்கள் எங்கள் ஊர்க்காரி.

"அக்கா, எங்களுக்கும் சேர்த்து அரிசி போடுறீங்களே?" என்று வேலைக்குப் போகும் அவசரத்தில் கேட்டேன்.

"அதுக்கென்ன தங்கச்சி. கவுன்சில் கேட்டா ஐயாவுக்கு அஞ்சு வயிறு எண்டு சொல்லுவம்."

"அஞ்சும் காயுதெண்டு சொல்லு," என்று மாமா கோணிய வாயால் சிரித்தார்.

இரண்டு வருடம் நான் மாலையில் சமைக்கவில்லை.

நான் லீவில் நின்ற ஒரு நாள் உங்கள் சூப்பர்வைசர் சொல்லாமல் வந்தார். அடுப்பில் பெரிய பானை, பக்கத்தில் மீன்குழம்பு, இரண்டு கறி. "ஒரு நோயாளிக்கா இவ்வளவும்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வேன் என்று நீங்கள் காத்திருந்தீர்கள். மாமாவுக்கான உதவியை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தேன். அது பாதிதான். படித்தவள் ஒருத்தி கவுன்சில் ஆளை வேலைக்காரியாக வைத்திருக்கிறாள் என்று அவர் நினைப்பாரே என்ற வெட்கம் மற்றப் பாதி.

"இவர் தன் விருப்பத்தில் சமைக்கிறார். நாங்கள் கேட்டதில்லை," என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன்.

நீங்கள் அடுப்பைத் தணித்துவிட்டு, "யெஸ், மை மிஸ்டேக்," என்றீர்கள்.

அடுத்த கிழமை எச்சரிக்கைக் கடிதத்தோடு உங்களை மோர்டன் பக்கத்து வீடுகளுக்கு மாற்றினார்கள். எங்களுக்கு வேறொருத்தி வந்தாள். நல்லவள், டின் சூப்பைச் சூடாக்கித் தருவாள். மாமா இரண்டு கரண்டியோடு முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிறகு ஒரு சனிக்கிழமை மரக்கறிக் கடையில் உங்களைக் கண்டு, மன்னிப்புக் கேட்கத்தான் கிட்ட வந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"ஐயா சாப்பிடுறாரே, தங்கச்சி?"

"ஓம் அக்கா," என்றேன். அதுவும் பொய்.

போன மாதம் உங்கள் இறுதிச் சடங்கில் உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா உங்கட வீட்டைப் பற்றி ஒரே சொல்லுவா. ஆசைப்பட்டுச் சமைச்ச வீடாம்."

நான் உங்கள் மேல் போட்ட பொய்யை நீங்கள் இப்படி ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். என்னைக் காப்பாற்றவா, அல்லது நிஜமாகவே விருப்பம் இருந்ததா? அவளிடம் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். "ஓம், நல்லாச் சமைப்பா," என்று மட்டும் சொல்லி நகர்ந்தேன்.

வாசலில் அவள் தன் தொலைபேசி எண்ணை ஒரு காகிதத் துண்டில் எழுதித் தந்தாள். அது என் கைப்பையிலேயே இருக்கிறது. நான் இன்னும் அழைக்கவில்லை, அக்கா.