இத்தாலி வண்டியும் ஒரு கூடை மாம்பழமும்

நல்லம்பள்ளி
ஆடி 24, சனிக்கிழமை

அன்பு மகள் காவேரிக்கு அப்பா எழுதுவது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படி கண்ணு. ஒரு வரி மேட்டில் ஏறுகிறது, அடுத்த வரி பள்ளத்தில் இறங்குகிறது, ஸ்பேனர் பிடித்த கை பேனாவையும் முறுக்கியே பிடிக்கிறது, இரண்டு இடத்தில் தாள் கிழிந்தும்விட்டது. நான்கு நாளாக எழுதுகிறேன். எங்களைப் போல வயசானவர்களுக்கு எழுத்து வகுப்பு எடுக்கும் மலர்விழி டீச்சரிடம் திருத்தக்கூடக் கொடுக்கவில்லை, இது நமக்குள் இருக்க வேண்டிய சேதி. நானும் உன் அம்மாவும் சுகம்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி அவள் சொல்வதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கிறது. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் கிடாய். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று ஒரு வரியில் கேட்டுவிட்டுப் போக எனக்கு மனம் இல்லை, அதைக் கடைசியில் விவரமாகக் கேட்கிறேன், அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

பதினெட்டு வருசத்துக்கு முன்னால் நம் பட்டறை வாசலில் ஒரு சிவப்பு இத்தாலி வண்டி நின்றதே, நினைவிருக்கிறதா? பெங்களூர் போகிற வழியில் தண்ணீர்க் குழாய் வெடித்து, முன்பக்கம் சத்தமும் போட்டுக்கொண்டு வந்தது. நீ அப்போது ஐந்தாவது படித்தாய். லாரி தவிர வேறு பார்க்காத நான் இரண்டு நாளில் அதைச் சரிபண்ணி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து வண்டிக்காரர் மாதவராஜ் சாரிடமிருந்து கடிதம் வந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது, பட்டறையில் என்னோடு வேலை பார்க்கும் நம் கோவிந்தனுக்கும் தெரியாது. பெங்களூர்க்காரர் எழுதியிருக்கிறார் என்று டிரைவர்களை எல்லாம் கூப்பிட்டு நிற்கவைத்துவிட்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்த உன்னைப் படிக்கச் சொன்னேன். நீ படித்தாய். மேஸ்திரி வேலை பிரமாதம், இந்த மாதிரிக் கை பெங்களூரிலும் இல்லை என்று எழுதியிருந்ததாகப் படித்தாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே மல்கோவா மாம்பழம் ஒரு கூடை கட்டி, கடிதத்திலிருந்த விலாசத்துக்கு லாரியில் ஏற்றிவிட்டேன். அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்தேன். வருசா வருசம் ஆயுதபூஜைக்கு ஸ்பேனர்களோடு அதையும் எடுத்து வைத்துச் சந்தனமும் குங்குமமும் பூசினேன். இதெல்லாம் உனக்குத் தெரியும்.

இந்தத் தை மாதம் அதே வண்டி இன்னொரு லாரியின் முதுகில் ஏறி வந்தது. மாதவராஜ் சார் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுச் சொந்த ஊரான கம்பைநல்லூருக்கே வந்துவிட்டாராம். வண்டி இத்தனை வருசம் அவர்கள் வீட்டு மஞ்சள் கிடங்கில் கிடந்திருக்கிறது. நான்கு சக்கரமும் சப்பை, எலி கடிக்காத வயர் இல்லை, எதைக் கழற்றினாலும் மஞ்சள் வாசம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் அவ்வளவு எழுதியும் நீங்க மாம்பழம் அனுப்புனீங்களே மேஸ்திரி, அந்த மனசு யாருக்கு வரும், இத இனித் தொட்டா நீங்கதான் தொடணும் என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். இப்போதுதான் எழுத்து தெரியுமே. எழுத்துக்கூட்டிப் படிக்க இரண்டு நாள் ஆனது, குங்குமம் சரியாகத் திட்டின வார்த்தைகள் மேலேயே ஒட்டியிருந்தது, சுரண்டிச் சுரண்டிப் படித்தேன். லாரிக்கு ஊற்றுகிற மாதிரி தண்ணீரை ஊற்றி மூடிவிட்டீரே, ஓசூர் தாண்டுவதற்குள் கொதித்து இன்ஜின் ஹெட் கோணிவிட்டது, காற்றை வெளியேற்ற வேண்டும் என்பதுகூடத் தெரியாத ஆள் ஏன் கை வைத்தீர், இனி இந்த வண்டி ஓடாது என்று இருந்தது. இன்னும் மோசமாகவும் இருந்தது, அதை எழுத மாட்டேன்.

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள், திட்டுன காயிதத்துக்குப் பொட்டு வச்சுக் கும்புட்ட ஆளு இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தன்தான் என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் வண்டி நினைவு வந்தது. அது பதினெட்டு வருசம் கிடங்கில் கிடந்தது என் கையால்.

இன்ஜினைப் பிரித்தபோது என் பிழை எனக்கே தெரிந்தது. அந்த வண்டிக்கு இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், ரேடியேட்டர் முன்னால், நடுவில் ஆள் நீளத்துக்குக் குழாய். அதில் காற்று தங்கினால் தண்ணீர் சுற்றாது. மேலே ஒரு சின்னத் திருகு இருக்கிறது, அதைத் திறந்து வைத்து, குமிழி நின்று தண்ணீர் மட்டும் வரும்வரை ஊற்ற வேண்டும். நான் அதை அன்றைக்குத் தொடவே இல்லை. முன்பக்கத்திலும் அப்படித்தான், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே, சக்கரக் கையைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை முறுக்கிவிட்டேன், வண்டி தரையில் இறங்கியதும் உள்ளே ரப்பர் திருகிக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஒரே மாதத்தில் கிழிந்திருக்கிறது. பாரம் முழுக்கத் தரையில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டுமாம். வேடிக்கை என்னவென்றால் இதை எல்லாம் பெங்களூர் மெக்கானிக்குகள் அவரிடம் சொல்லி, அவர் அந்தக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறார். திட்டுக்கு நடுவில் பாடம் இருந்தது. நான் அதற்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதம் வேலை நடந்தது. ஹெட்டைச் சேலத்து லேத் பட்டறையில் கொடுத்து மட்டம் சீவினோம், பிஸ்டன் ரிங், வால்வு, கேஸ்கெட், ஷாக் அப்சார்பர் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தது. வண்டி குள்ளம், நம் பட்டறைக் குழியோ லாரிக்கு வெட்டியது, பலகை போட்டுத்தான் மேலே ஏற்றினோம். கோவிந்தன், ஏண்ணா இது காரா பல்லியாண்ணா, வயிறு தரையிலயே தேயுது என்று தினமும் ஒரு தரம் சொல்வான். கடிதத்தை மட்டும் நான் அவனிடமும் சொல்லவில்லை, சாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், கெடுத்த கையாலேயே அதைச் சரிபண்ண வேண்டும் என்று எனக்கு ஆசை. மறைப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போது தெரிந்துகொண்டேன் கண்ணு.

போன ஞாயிற்றுக்கிழமை சாரும் நானும் ஒகேனக்கல் வரை ஓட்டிப் பார்த்தோம். மலைப்பாதையில் இறங்கும்போது புஷ்ஷிலிருந்து ஒரு முனகல் இல்லை, சூட்டு முள் நடுவிலேயே நின்றது. பரிசல் துறைக்குப் பக்கத்தில் மீன் வறுவல் வாங்கிக் கொடுத்தார். வறுக்கிற அம்மாவிடம், இவரை நான் கன்னாபின்னான்னு திட்டி எழுதுனேன்மா, பதிலுக்கு ஒரு கூடை மாம்பழம் அனுப்புன மனுசன் என்று ஆரம்பித்துவிட்டார். நான் மீனைக் கீழே வைத்துவிட்டேன். சார், அது பொறுமை இல்லைங்க, எனக்குப் படிக்கத் தெரியாதுங்க, என் மக மாத்திப் படிச்சிருச்சுங்க என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து வண்டிக்குப் போய் இன்ஜின் மூடிமேல் கை வைத்துக்கொண்டு நின்றார். காசைக் கையில் கொடுத்துப் பஸ்ஸில் போ என்று சொல்வார் என்றே நினைத்தேன். திரும்பி வந்து, அந்த மாம்பழத்துக்கு அப்புறம் நான் கோபத்துல யாருக்கும் ஒரு வரி எழுதுனதில்ல மேஸ்திரி, அப்படி மாறுனதை இப்ப எங்க போய்த் திருப்பித் தரது என்றார். மாம்பழம் நல்ல மாம்பழந்தான் சார், அதுல பொய் இல்லைங்க என்றேன். மீன்காரம்மா, ரெண்டு பெரிய மனுசங்கள ஒரு பொடிசு ஏமாத்தியிருக்கு, இன்னொரு மீனு போடட்டுமா என்றாள். அவர் சிரித்துவிட்டார். திரும்பி மலை ஏறும்போது ஸ்டியரிங்கை என்னிடமே கொடுத்தார்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அத்தனை பேர் முன்னால் அப்பன் முகம் வாடக் கூடாது என்று ஒரு பத்து வயசுப் பிள்ளை நின்ற நிலையில் கட்டிச் சொன்னதை நினைத்தால் எனக்குக் கண் நிறைகிறது. ஆனால் நீ உள்ளதைப் படித்திருந்தால் அன்று ஒரு நாள் தலைகுனிந்திருப்பேன், மறுநாள் அந்தத் திருகைத் தேடிப் போயிருப்பேன், வண்டியும் ஓடியிருக்கும். இரண்டையும் நினைக்கிறேன், எது பெரிது என்று சொல்லத் தெரியவில்லை. இன்னொன்றும் நினைத்தேன். அன்று நீ முதல் வரியை வேகமாகப் படித்துவிட்டுப் பிறகு நிறுத்தி நிறுத்திப் படித்தாய். கடினமான எழுத்து போல என்று நினைத்தேன். இப்போது பார்க்கிறேன், ஒன்றும் கடினம் இல்லை. போனிலும் நீ அப்படித்தான் பேசுகிறாய். நல்லா இருக்கோம்ப்பா என்பது ஒரே மூச்சில் வருகிறது. மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்டால் நின்று, யோசித்து, ஒவ்வொரு சொல்லாக வருகிறது. இரண்டு வருசமாக அப்படி. நான் நினைப்பது தப்பு என்றால் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சிரித்துவிடு. தப்பில்லை என்றால் உள்ளது உள்ளபடி எழுது. போனில் பக்கத்தில் ஆள் இருக்கும், தாளில் இருக்காது. அதனால்தான் இதை உன் வீட்டுக்கு அனுப்பாமல் நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன், முன்பு நீ அனுப்பிய உறையில் இருந்த இங்கிலீஷ் விலாசத்தைப் பார்த்துப் படம் போல வரைந்திருக்கிறேன். அந்த மாப்பிள்ளையைப் பார்த்து முடித்தவன் நான். அதில் என் கைப் பிழை இருந்தால் இன்னும் பதினெட்டு வருசம் கழித்து எனக்குத் தெரியக் கூடாது.

அந்த ஊர்க் குளிருக்குக் காதைக் கட்டிக்கொள், இரவு வேலை முடிந்து வந்தால் சாப்பிடாமல் படுக்காதே. பதிலைப் பட்டறை விலாசத்துக்குப் போடு, எழுத்தைப் பெரிதாகப் போடு, கூட்டிப் படிக்க எனக்கு நேரமாகும், ஆனால் முழுசும் படிப்பேன். உனக்கு ஒரு குறையும் வராமல் நம் குலசாமி காக்கட்டும். அடுத்த சனிக்கிழமையும் எழுதுவேன், உன் பதில் அதற்குள் வராது என்று தெரியும், வந்தாலும் வராவிட்டாலும் எழுதுவேன்.

இப்படிக்கு,
எதையும் தாங்கிப் படிக்கக்கூடிய உன் அப்பா
பச்சியப்பன்