செல்வி வரைந்த மலை

செப். 8, திங்கள்

காலையிலிருந்து மூடுபனி. கரும்பலகை ஈரம், சாக்பீஸ் பிடிக்கவில்லை. இதையெல்லாம் எழுதுவதற்கு மன்னிக்கணும், யாரிடம் கேட்கிறேனோ. எங்கள் வீட்டில் யாரும் டைரி எழுதியதில்லை. எழுதப் படிக்கக் கற்றதே நான் மட்டும்தான்.

எட்டாம் வகுப்பு, இங்கிலீஷ், காலாண்டுக்கு மீள்பார்வை. இன்று சொற்கள். ‘எஸ்கலேட்டர்’ யாருக்கும் தெரியவில்லை. நானும் காலேஜ் போன பிறகுதான் பார்த்தேன். ஏறவில்லை.

மதியம் தலைமை ஆசிரியர் (த.ஆ.) கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை ஆபீசர் ஆய்வுக்கு வருகிறாராம். “கேள்வியெல்லாம் நானே தாரேன், பதில மனப்பாடம் பண்ண வெச்சிருங்க. அந்த மக்கு நாலும் வகுப்புல வேண்டாம். சமையக்கட்டுக்கு அனுப்பிருங்க. ஆபீசருக்கு நாட்டுக்கோழி.” பேசிக்கொண்டே டீயில் படிந்த ஆடையை விரலால் வழித்து மேஜைக்கு அடியில் தடவினார். “சரிங்க சார்” என்றேன்.

நாலு பேரில் ஒருத்தி செல்வி.

செப். 9, செவ்வாய்

மழை. பஸ் லேட்.

கதையமைப்பு. புத்தகத்தில் மலைப் படம். அடிவாரத்தில் தொடக்கம், ஏற ஏறச் சிக்கல், உச்சியில் உச்சகட்டம், இறங்கினால் முடிவு. செல்வி எழுந்தாள்.

“மேல ஏறிட்டா ஊடு வந்துருமுங்க மிஸ். அப்புறம் என்னங்க சிக்கல்?”

மாதேஷ்: “இவங்கப்பன் மிளகு விக்கக் கீழ காளப்பநாயக்கன்பட்டிக்கு எறங்குனாத்தான் மிஸ் சிக்கலு. திரும்பி வாரப்போ நேரா நடக்க மாட்டாரு!”

“உங்கப்பன் தோளப் புடிச்சுட்டுத்தான்டா வாராரு!”

அவளையே வரையச் சொன்னேன். மலையைத் தலைகீழாக வரைந்தாள். இரண்டு ஓரத்திலும் வீடு, சிக்கல் பள்ளத்தில். வகுப்புக்கு அப்போதுதான் புரிந்தது.

வாசலில் த.ஆ. அவரே டஸ்டர் எடுத்து அழித்தார். “மலைக்காரப் புத்தி.” பிறகு, நானும் மலைக்காரிதான் என்று நினைவு வந்து என்னிடம், “உங்களச் சொல்லலீங்க.”

நான் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன்? சீ.

செப். 10, புதன்

ஒத்திகை. வாக்கிய வகைகள். கேள்வி முடியும் முன்பே பதில். ஒருவன் அடுத்த கேள்விக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டான். த.ஆ. “பிரமாதம்!” கட்டளை வாக்கியத்துக்கு மட்டும் பிள்ளைகள் சொந்தமாக உதாரணம் சொல்கிறார்கள்: ‘வாஷ் தி டம்ளர்.’ ஆசிரியர்கள் எங்கள் வாயிலிருந்து தினமும் கேட்டது.

வாங்க: சோப்பு, சிவப்புப் பேனா, அம்மாவுக்குத் தைலம்.

சாயங்காலம் செல்வி. “பள்ளிக்கூடத்துல கோழி உரிக்கறதுக்கு ஊட்லயே கெழங்கு உரின்னு எங்கம்மா சொல்லுது. இனி வரலீங்க மிஸ்.”

“அப்படிச் சொல்லாத கண்ணு.”

செப். 11, வியாழன்

மழை விட்டது. செல்வி வரவில்லை. த.ஆ.: “நல்லதாப் போச்சு.”

நான் தற்காலிகம். அவர் வேண்டாமென்றால் எனக்கும் நாளையிலிருந்து வீடுதான்.

அவர் அறைக்குப் போனேன். சாக்பீஸ் கேட்டு வாங்கி வந்தேன். மறுபடி போய் டஸ்டர் கேட்டேன். தூ, என்ன பிறவி நான். மணி அடித்து, அவர் வண்டிச் சாவியை எடுத்தபோது மறுபடி போய் நின்றேன்.

“இன்னும் என்னம்மா?”

“செல்வி ஊட்டுக்குப் போறனுங்க சார், நாளைக்கு வரச் சொல்ல. அந்த நாலு பேரும் வகுப்புலயே உட்காரட்டுங்க.”