வெறும் காதுக்கு ஒரு வெண்பா

அன்போடும் அதைவிடக் கூடிய பொறாமையோடும் நான் நினைக்கிற சொக்கட்டான் புலவருக்கு,

உம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வழியில்லை. உம்முடைய சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. சொக்கட்டான் காயை உருட்டி உருட்டியே வீடு வாசலைத் தோற்றவர் என்று ஊர் வைத்த பட்டம் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. நீர் செத்து ஐந்நூறு வருடத்துக்கு மேல் என்று என் கணவர் சொல்லுவார். அஞ்சலி எழுத நான் கொஞ்சம் பிந்திவிட்டேன். குறை நினைக்காதேயும்.

என் பெயர் புவனேஸ்வரி. கனடாவில், ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோவில் பதினோராம் மாடியில் இருக்கிறேன். இது தொண்ணூறுகள். உம்மைப் போன்றவர்களுக்காக இங்கே அரசாங்கமே அனுமதி கொடுத்துச் சூதாட்ட மண்டபங்கள் திறந்திருக்கிறது. பிளாசா வாசலிலிருந்து அதற்கு பஸ்ஸும் போகிறது. நீர் இருந்திருந்தால் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, டிரைவருக்கும் ஒரு வெண்பா பாடியிருப்பீர்.

என் கணவர் தில்லைநாதன் ஊரில் தமிழ் வாத்தியார். இங்கே காட்போட் பெட்டி செய்யும் பக்டரியில் வேலை. படிக்கிற காலத்தில் யாரிடமோ இரவல் வாங்கிய பழைய புத்தகத்திலிருந்து உம்முடைய பதினேழு பாட்டுகளையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தார். அந்தக் கொப்பிதான் எனக்கும் உமக்கும் உள்ள வழக்கு.

இவரை முதலில் ஏஜென்சி மூலம் கனடாவுக்கு அனுப்பினோம். நான் மூன்று வருடம் யாழ்ப்பாணத்தில் தனியே இருந்தேன். ஷெல் விழுகிற காலம். இவருடைய ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி ஒன்றுதான்: கொப்பி கவனம். கடைசியில் அதை என் சேலைகளுக்கு நடுவில் வைத்துச் சுற்றி, கடலேரி தாண்டி, கொழும்பில் லொட்ஜில் இருந்து, பிளேன் ஏறிக் கொண்டுவந்தேன். விமான நிலையத்தில் மூன்று வருடத்துக்குப் பிறகு என்னைக் கண்ட மனுசன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"கொப்பி வந்திட்டுதோ?"

அதன் பிறகுதான், "சாப்பிட்டனீரோ?" என்று கேட்டார். அன்றைக்கே எனக்கு ஒரு சக்களத்தி இருப்பது தெரிந்துவிட்டது. அவளுக்கு மீசை இருந்ததுதான் புதுமை.

அந்தக் கோபத்தில் கொப்பியை நான் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. உம்மைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவர் வாயால் கேட்டதுதான். போன மாதம் ஒரு சனிக்கிழமைப் பின்னேரம், லைப்ரரியின் கீழ்த்தளத்து மண்டபத்தில் இவர் உம்மைப் பற்றிப் பேசினார். நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். மூன்று மாதம் குளியலறைக்குள் நின்று ஒத்திகை பார்த்த பேச்சு. ஒரு தடவையாவது எனக்கு முன்னால் சொல்லிப் பார்த்தாரா என்று கேட்காதேயும்.

அந்தத் தோட்டுக் கதையைச் சொன்னார். ஒரு சிற்றரசனோடு ஆடி, நீர் சால்வையைத் தோற்று, மாட்டைத் தோற்று, கடைசியில் மனைவியின் காதுத் தோட்டையும் கழற்றி வாங்கிவந்து வைத்துத் தோற்ற கதை. பிறகு அவளுடைய வெறும் காதைப் பற்றி அந்த இடத்திலேயே ஒரு வெண்பா பாடினீராம். இவ்வளவு நாளும் தோடு வாசலில் நின்று மறித்தது, இனி என் பாட்டு நேரே உள்ளே போகும் என்று. சிற்றரசன் சிரித்துச் சிரித்துத் தோட்டைத் திருப்பித் தந்து, இன்னொரு சோடியும் தந்தானாம்.

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. எனக்குப் பின்னாலிருந்த ஒரு அன்ரி, "அந்தப் பெண்சாதி குடுத்து வச்சவள்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

புலவரே, என் காதும் வெறும் காதாக இருந்தது. இவரை அனுப்பத்தான் தோட்டை விற்றோம். விற்றது இவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் ஓட்டை தூர்ந்துபோகாமல் மூன்று வருடம் வேப்பங்குச்சி செருகிக்கொண்டு திரிந்தது தெரியாது. வெளிக்கிடும்போது இவர் அனுப்பிய காசில் கொழும்பில் சின்னதாக ஒரு தோடு வாங்கிப் போட்டுக்கொண்டுதான் வந்தேன். நடுவில் என்ன கிடந்தது என்று இவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உம்முடைய மனைவிக்கு ஒரு வெண்பா. எனக்கு ஒரு வரி உண்டா? நான் உம்மீது மட்டும் பொறாமைப்படவில்லை, அவள்மீதும் பொறாமைப்படுகிறேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் ஞாயிறு மத்தியானம் முந்நூற்றுநாலு ஆட்டம். சீட்டு விளையாட்டு, நாலு பேர், இரண்டு கட்சி. காசு வைப்பதில்லை. தோற்றவர்கள் காதில் கடுக்கன் போடவேண்டும். ஊரில் இலைக்காம்பு, ஈர்க்கு, எது கிடைக்கிறதோ அது. இங்கே உடுப்புக் காயப்போடும் கிளிப். அதோடு அடுத்த ஆட்டம் முடியுமட்டும் இருக்கவேண்டும். அன்றைக்கு நாலாவது ஆளுக்கு ஓவர்டைம் வந்துவிட்டது. "தங்கச்சி, நீ இரு" என்று மகேந்திரண்ணை என்னைத் தன் பக்கம் இழுத்தார். அவர் எட்டாம் மாடி, இவருடைய பழைய சிநேகிதர்.

இவர் முதல் நாள் கேட்ட கைதட்டல் இன்னும் இறங்காமல் இருந்தார். கையில் நல்ல சீட்டு இல்லாவிட்டாலும், இத்தனை புள்ளி எடுப்பேன் என்று வாயில் பெரிய கேள்வி கேட்கிற ஆள். அன்றைக்கு இன்னும் மோசம். கடைசி ஆட்டத்துக்கு முன் நான் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, கிளிப் வேண்டாம். நீங்கள் தோத்தால் உந்தக் கொப்பி எனக்கு."

"நீர் தோத்தால்?"

"உங்கடை புலவரைப் பற்றி இனி ஒரு சொல்லும் கதைக்கமாட்டன்."

மகேந்திரண்ணை வேண்டாமடா என்று தலையாட்டினார். இவர் சிரித்தார். உம்முடைய ஆள் அல்லவா, மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா? நாலு சீட்டைப் பார்த்த உடனேயே கேட்டுவிட்டுத் துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். நல்ல சீட்டு வந்தால் இவர் மூக்கைத் தடவுவார். அன்றைக்குத் தடவவில்லை. வெறும் வாய் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஐந்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. இவர் எழும்பிப் போய், கொப்பியை எடுத்துவந்து மேசையில் வைத்தார். கொப்பி போதாதென்று கிளிப் இரண்டையும் இவருடைய காதில் மாட்டிவிட்டவர் மகேந்திரண்ணை.

அடுத்த நாள் வேலைக்குப் போகிற பஸ்ஸில் முதல் தடவையாக உம்மைத் திறந்தேன். லோரன்ஸ் அவெனியூவில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. சால்வையைத் தோற்றுவிட்டு வீட்டுக்கு வந்து, ஆடு தின்றுவிட்டது என்று மனைவியிடம் சொல்கிறீரே, அவள் அந்த ஆட்டைக் கூட்டிவாரும், நான் கறந்தாவது எடுக்கிறேன் என்கிறாளே, அந்தப் பாட்டுக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த பெண் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். இறங்க வேண்டிய தரிப்பும் தாண்டிப் போய்விட்டது. உம்மோடு கோபமாக இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பதினேழு பாட்டிலும் சிற்றரசன் பெயர் இருக்கிறது, கூட ஆடினவர்கள் பெயர் இருக்கிறது, ஒரு குதிரையின் பெயர்கூட இருக்கிறது. மனைவியின் பெயர் எங்கேயும் இல்லை. திருப்பி வாங்கின தோட்டை அவள் கையில் கொடுத்தீரா, அல்லது அடுத்த நாளும் கொண்டுபோய் வைத்தீரா?

மூன்றாம் நாள் இவர் கொப்பியைக் கேட்டார். "எனக்கு ஒரு பாட்டு எழுதித் தாங்கோ, திருப்பித் தாறன்" என்றேன். உம்முடைய வழிதானே. இவர் இரண்டு கிழமை பாடுபட்டார். சோறு ஆறியது. கடைசியில் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். முதல் அடியிலேயே நிலவு நின்றது.

"உந்த நிலவு வேண்டாம். உது எல்லாருக்கும் வாற நிலவு."

"அப்ப எதைப் பற்றி எழுதச் சொல்லுறீர்?"

"என்ரை காதைப் பற்றி."

"காதிலை என்ன இருக்கு?" என்றார் இவர்.

அப்போதுதான் சொன்னேன். வேப்பங்குச்சியை, அது புண்ணாகிய மாரிகாலத்தை, குச்சி தெரியாமல் இருக்கச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு கோயிலுக்குப் போனதை.

"ஏன் எனக்கு எழுதேல்லை?"

"நீங்கள் கொப்பியைத்தானே கேட்டனீங்கள்."

இவர் எழும்பி அடுப்படிக்குப் போனார். கிளிப் பெட்டியிலிருந்து இரண்டை எடுத்து, தானே தன் காதுகளில் மாட்டினார். அழுக்கு உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே லோன்றி அறைக்குப் போய்விட்டார். சனிக்கிழமை காலை. லிஃப்ட் முழுக்க ஆட்கள் இருந்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மகேந்திரண்ணையின் போன் வந்தது.

"தங்கச்சி, உவன் தில்லை கடுக்கனோடை லோன்றிக்குள்ளை நிக்கிறான். ஆரிட்டைத் தோத்தவன்?"

"என்னட்டைத்தான் அண்ணை" என்றேன்.

உடுப்பு முழுக்கக் காயவிட்டு மடித்துக்கொண்டுதான் இவர் மேலே வந்தார். காது இரண்டும் செவசெவவென்று சிவந்திருந்தன. நான்தான் கழற்றிவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இருந்தாலும் உண்மையைச் சொல்லுகிறேன், பொறாமை முழுக்கப் போகவில்லை. உம்முடைய மனைவிக்குக் கிடைத்தது ஐந்நூறு வருடம் நிற்கிறது. எனக்குக் கிடைத்த சிவப்பு பின்னேரத்துக்குள் மாறிவிட்டது. ஆனால் அவளுக்காக நீர் ஒரு நாளாவது உம்முடைய காதைக் கொடுத்தீரா, புலவரே?

கொப்பி இப்போது என் தலைமாட்டில் இருக்கிறது. இவருக்கு வேண்டுமென்றால் என்னைக் கேட்டு, என் பக்கத்தில் இருந்து வாசிக்கலாம். எனக்கும் வாசித்துக் காட்டவேண்டும், அதுதான் ஒப்பந்தம். ஆனால் ஆசை விடவில்லை. நாளைக்கு ஞாயிறு. "கொப்பியை வைச்சு இன்னொரு ஆட்டம் பாப்பமோ?" என்று காலையிலிருந்து என்னைச் சுற்றிவருகிறார். இந்த முறை மூக்கையும் தடவிக் காட்டுகிறார்.

நீர் பயப்படவேண்டாம். எவ்வளவு நல்ல சீட்டு வந்தாலும், மேசையைச் சுற்றி எத்தனை பேர் இருந்து உசுப்பேற்றினாலும், உம்மை நான் பந்தயத்தில் வைக்கமாட்டேன். அந்த ஒரு வாக்கை நீர் அவளுக்குக் கொடுக்கவில்லை. நான் உமக்குத் தருகிறேன்.

இப்படிக்கு,
உம்மைச் சீட்டில் வென்றெடுத்த சக்களத்தி,
புவனேஸ்வரி தில்லைநாதன்