யமுனா கேட்ட விண்டோஸ்

கொல்லிமலை,
ஜூலை 2004

அன்புள்ள அத்தாவுக்கு,

மகன் முஜீபின் ஸலாம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் சுகமாக இருக்கிறேன்.

என் கம்ப்யூட்டர் வகுப்பில் சின்னதாக ஒரு சங்கடம். கம்ப்யூட்டர் ஓட விண்டோஸ் வாங்க வேண்டும், வகுப்பை நடத்தும் டிரஸ்டுக்கு வசதியில்லை. திருட்டு சிடி போட எனக்கு மனமில்லை. அதனால் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸில் சொல்லிக்கொடுத்தேன். திரையெல்லாம் தமிழ் என்று பெருமை வேறு.

வகுப்பில் நன்றாகப் படித்த மலைப்பெண் யமுனா, கீழே சேந்தமங்கலத்தில் ஒரு டைப்பிங் கடைக்கு வேலை கேட்டுப் போனாள். அங்கே விண்டோஸ். தடுமாறியவளைச் சிரித்தே அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வந்து, “ஏனுங்க சார், மலைக்காரங்களுக்கு ஓசியில கெடச்சது போதும்னு நெனச்சுட்டீங்களா?” என்றாள்.

“லினக்ஸ் மட்டமில்லம்மா” என்றேன்.

“அத வேல குடுக்கறவங்ககிட்டச் சொல்லுங்க” என்று போய்விட்டாள்.

நேற்று எல்லாக் கம்ப்யூட்டரிலும் திருட்டு விண்டோஸ் போட்டுவிட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். யமுனா வரவில்லை.

குளிர் தாங்கவில்லை, அம்மாவிடம் சொல்லி ஒரு கம்பளி அனுப்புங்கள். கூடவே நாலு வரி எழுதுங்கள். வகுப்பு முடிந்தால் பேச ஆளில்லை. பஸ் கிளம்புகிறது, கடிதத்தைக் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். திருட்டு சிடி போட்டுவிட்டு எனக்காக துஆ கேட்கச் சொல்ல வாய் வரவில்லை. யமுனாவுக்கு ஒரு வேலை கிடைக்க அல்லாஹ்விடம் கேளுங்கள்.

முஜீப்